வேன் கூரையில் சோலார்: பேனல் வாங்குவதற்கு முன் நிழலைப் பாருங்கள்

வேன் கூரையில் சோலார் போட்டவர்கள் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். வண்டி ஃபோர்ட் டிரான்சிட், உயரக் கூரை. நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். விடுமுறை வந்தால் வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று கிளம்பிவிடுவோம். கேம்ப்சைட்டில் கரன்ட் வேண்டுமென்றால் பல இடங்களில் தனிக் காசு, அதை நாங்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை, அதனால் கூரையில் விழுகிற வெயில்தான் எங்களுக்குக் கரன்ட்.

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் போட்டீர்கள்?" என்றுதான். அதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும், ஆனால் விட்டு விட்டுத்தான் ஓடும், கோடையில் நாளைக்கு ஏறக்குறைய 450 வாட் அவர் (வாட்டை ஓடுகிற மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). கூரை ஃபேன், விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 150. லேப்டாப், போன் ஒரு 200. இதுவரை எந்தக் கேம்பர்காரரைக் கேட்டாலும் ஏறத்தாழ இதே கணக்குதான் வரும். நம் சமையல்தான் வேறு. 750 வாட் மிக்ஸியில் சட்னி அரைக்க மூன்று நிமிடம் போதும், 40 வாட் அவர்கூட ஆகாது. ஆனால் 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 350 போய்விடும், அது ஃப்ரிட்ஜ் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதில் முக்கால் பங்கு! அதனால் சோறு கேஸ் அடுப்பில், மிக்ஸி மட்டும் இன்வெர்ட்டரில் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவிலேயே கூரையில் இன்னொரு பேனலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆக மொத்தம் எங்களுக்கு நாளைக்கு ஏறக்குறைய 850 வாட் அவர், ஈபி பில் பாஷையில் சொன்னால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

அடுத்தது கூரை. இங்கேதான் நிறைய நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியை 172 சென்டிமீட்டருக்கு 113 என்று வெட்டினேன், 400 வாட் வீட்டுப் பேனலின் அளவு பொதுவாக அதுதான். கூரை ஃபேனுக்குப் பதில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. இரண்டையும் கூரைமேல் வைத்து, காலை, மதியம், மாலை என்று ஏணியில் ஏறி நிழல் எங்கே போகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். இங்கே ஜூன் மாத மதியத்தில்கூட சூரியன் 61 டிகிரி உயரம்தான், டிசம்பரில் வெறும் 14. ஃபேன் மூடி 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் திறந்து நின்றால் ஜூன் மதியத்தில் நிழல் 14 சென்டிமீட்டர், டிசம்பரில் ஒரு மீட்டர். மாலை ஆக ஆக எந்தப் பருவத்திலும் நீண்டுகொண்டே போகும். அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் ஃபேனை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தள்ளி, பேனலை வண்டியின் பின்பக்கம் கொண்டுபோனேன். கூரையில் ஓட்டை போட்டது அதற்கும் பிறகு.

இத்தனூண்டு நிழலுக்கா இவ்வளவு பாடு என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நல்ல வெயிலில் பேனல் 210 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது, போன் ஆப்பில் எண் ஓடிக்கொண்டிருந்தது. மகளை ஏணியில் ஏற்றி, பேனலில் கட்டம் கட்டமாக இருக்கும் செல்களில் ஒரே ஒன்றை இரண்டு உள்ளங்கையாலும் மூடச் சொன்னேன். 140. கையை எடுத்தாள், திரும்ப 210. செல்கள் எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒரு செல் மறைந்தாலே அந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும். பைபாஸ் டயோடு அந்த வரிசையைத் தாண்டிக் கரன்டைக் கொண்டுபோய்விடும், பேனலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். இரண்டு உள்ளங்கைக்கே இப்படி என்றால் ஃபேன் மூடி, டிவி ஆன்டெனா, மேலே ஏற்றிய சைக்கிள் எல்லாம் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

கடைசியில் போட்டது 405 வாட் பேனல் ஒன்றே ஒன்று. ஜூனில் நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கும், இழப்பெல்லாம் கழித்தால் ஒன்றரை யூனிட் வரும், மேகம் மூடிய நாளுக்கும் சேர்த்துத் தாங்கும். டிசம்பரில் படுக்கையாகக் கிடக்கும் பேனலுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான், 150 வாட் அவர். இன்னொரு பேனல் போட்டால் 300 ஆகும், அப்போதும் விளக்கு, லேப்டாப்புக்கே போதாது. குளிர்காலத்துக்காகக் கூரையைப் பேனலால் நிரப்புவது காசுக்குப் பிடித்த கேடு என்று நான் உறுதியாகவே சொல்வேன். அந்தக் காசில் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்யும் 30 ஆம்பியர் பி-டு-பி சார்ஜர் வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் 380 வாட் அவர் ஏறிவிடும்.

கன்ட்ரோலர், அதாவது பேனல் கரன்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி சார்ஜ் ஏற்றும் பெட்டி, அதைப் பற்றி ஒன்று. வேல்ஸில் ஒரு கேம்ப்சைட்டில் பக்கத்து வேன்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இதேபோல இரண்டு வீட்டுப் பேனலைத் தொடராக இணைத்து 75 வோல்ட் தாங்கும் எம்பிபிடி கன்ட்ரோலரில் (பேனலின் வாட்டை முடிந்தவரை முழுசாக எடுக்கும் ரகம்) மாட்டியிருந்தாராம். ஒன்றுக்கு 37 வோல்ட், இரண்டுக்கு 74, கடைக்காரரும் போதும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பேனல் லேபிளில் இருக்கும் வோல்ட் 25 டிகிரியில் அளந்தது, குளிரக் குளிர வோல்ட் கூடும். பூஜ்யம் டிகிரி காலையில் 79 வந்து கன்ட்ரோலர் செத்துப்போனது. பாவம், புத்தம்புதுப் பெட்டி. உங்கள் ஊரில் எவ்வளவு குளிர் வருமோ அதற்குக் கணக்குப் போட்டு, அதற்கும் மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பக்கமும் போகாதீர்கள், 405 வாட் பேனலை அது பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்துப் பிடித்து 175 வாட்டோடு நிறுத்திவிடும்.

எடையையும் பாருங்கள். பேனல் மட்டுமே 21 கிலோ, 1997க்குப் பிறகு இங்கே கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு பொதுவாக வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 3500 கிலோதான் வரம்பு.

* * *

அண்ணா, நான் கோயம்புத்தூர். உங்கள் கணக்கில் பாதி இங்கே தலைகீழ்.

முதலில் சட்டம். இங்கே வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே உண்டு. அதனால் டிராவலர் வண்டியை எடுத்ததும் பாடி கட்டுகிறவரிடமும் ஆர்டிஓ அலுவலகத்திலும் பேசி, வரைபடத்திலேயே பேனலைக் காட்டி, ஒப்புதல் வந்த பிறகுதான் கூரையில் கை வைத்தோம். இழுத்தடிக்கத்தான் செய்யும், ஆனால் செக்போஸ்ட்டில் நிறுத்தினால் பேப்பரை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை, சூடுதான் பிரச்சினை. பேனல் வாட் எல்லாம் 25 டிகிரிக்குச் சொன்னது. மே மாதம் மதுரை தாண்டிப் போகும்போது பேனல் 65 டிகிரிக்குச் சுலபமாகப் போய்விடும், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தால் 14 சதவீதம் அதிலேயே காலி. ஆகவே பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று போக இடம் வேண்டும், நான் ஐந்து சென்டிமீட்டர் விட்டிருக்கிறேன். இதில் இன்னொரு லாபம், பேனல் கூரைக்குக் குடை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மதியம் உள்ளே கையைத் தூக்கித் தகரத்தைத் தொட்டால் பேனலுக்குக் கீழே உள்ள இடமும் பேனல் மூடாத இடமும் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

வளைகிற மெல்லிய பேனலைப் பசை போட்டு ஒட்டலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ராமேஸ்வரத்தில் அப்படி ஒட்டிய வண்டி ஒன்றைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் கொப்பளம் கொப்பளமாக எழும்பி இருந்தது. அடியில் காற்றே போகாமல் வெந்தால் வேறென்ன ஆகும்? நம் ஊருக்கு அது வேண்டாம், கண்ணாடிப் பேனலே போடுங்கள்.

சாய்த்து வைக்கிற ஸ்டாண்டும் தேவையில்லை. தமிழ்நாடு எட்டிலிருந்து பதின்மூன்றரை டிகிரி அட்சரேகைக்குள் இருப்பதால் படுக்கையாக வைத்தாலே பெரிய நஷ்டம் வராது. கோவையில் ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை மதியச் சூரியன் வடக்கே நிற்கும், அப்போது தெற்கே சாய்த்து என்ன பயன்? ஆனால் படுக்கையாக இருந்தால் தூசி தங்கும். விடியற்காலையில் பேனல் ஆறியிருக்கும்போது துடைத்துவிடுங்கள், மதியம் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தனுஷ்கோடி பக்கம் போனால் உப்புக் காற்று, திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் போல்ட்டையும் சேர்த்துக் கழுவ வேண்டும். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நிம்மதி.

அப்புறம் ஒரு பெரிய இழுபறி. நாம் வண்டியை நிறுத்துவது வேப்பமரத்தடியில், புளியமரத்தடியில். பேனலுக்கு வேண்டியது வெட்டவெளி. உள்ளே குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெட்டவெளியில் நிறுத்த மனசு வராது இல்லையா? நான் கூரையில் கொஞ்சம் குறைத்துவிட்டு, மடக்கி எடுத்துப் போகிற பேனல் ஒன்று பத்து மீட்டர் ஒயரோடு வைத்திருக்கிறேன். வண்டி நிழலில், அது வெயிலில். கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி உள்ளே வைக்கலாம் என்பவர்களுக்கு, தயவுசெய்து வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குவதா? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுங்கள், அதையும் வெயில் படாத பக்கம் கட்டிலுக்கு அடியில்.

* * *

வணக்கம் அண்ணை, நான் டொரொன்டோவிலிருந்து. இங்கு நிலைமை இன்னும் வேறு. லித்தியம் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் அதைத் தடுத்துவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்க முதல் அந்த வசதி உண்மையாகவே இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். நாங்கள் தானே சூடேற்றிக்கொள்ளும் பேட்டரி எடுத்தோம். ஜனவரியில் பேனலுக்கு மேல் பனி மூடிக் கிடக்கும், ரப்பர் கட்டையால் தள்ளிவிடுவது என்னுடைய காலை வேலை. பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்ட வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும்.

எனக்கு ஒரு கேள்வி. அடுத்த வண்டிக்கு நானே ஒயர் இழுக்கலாம் என்று இருக்கிறேன். கூரையில் ஒயரை எங்கே உள்ளே இறக்கினீர்கள்? எங்கள் முதல் வண்டியில் வேலை செய்தவர் விட்ட ஓட்டையால் மழைத் தண்ணீர் வந்து கூரைப் பலகை ஊறிவிட்டது.

* * *

சகோதரி, லெஸ்டரிலிருந்து மறுபடியும் நான்தான். பேனலின் பின் ஓரத்துக்கு அடியில் இறக்கினேன், மழை நேராக அடிக்காத இடம். ஓட்டை போட்டதும் வெட்டின விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடித்துக் காய விட வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு துரு பிடித்து அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். ஒயர் நுழையும் பிளாஸ்டிக் கூண்டை அதன்மேல் பாலியூரித்தேன் பசையில் ஒட்டினேன். கூண்டின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும், ஓடும்போது மழை உள்ளே அடிக்காது. ஒயர் கூண்டுக்குள் போகும் முன் கொஞ்சம் தொங்கி மேலே ஏறட்டும், அப்போதுதான் ஒயரோடு வரும் தண்ணீர் வெளியிலேயே சொட்டும்.

ஒயர் 6 சதுர மில்லிமீட்டர். கன்ட்ரோலர் பேட்டரிக்குப் பக்கத்தில். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டுங்கள், பிறகுதான் பேனல். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேனலில் கரன்ட் இருக்கும், அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது. அதனால் ஒயர் வேலை முடிகிற வரைக்கும் கனத்த போர்வை ஒன்றைப் பேனல்மேல் போட்டு, நான்கு மூலையையும் கட்டிவிட்டுச் செய்யுங்கள்.