படகு எஞ்சினுக்கு ஏற்ற ஒயிலும் குளிர்காலப் பெற்றோலும்: எங்கள் அனுபவங்கள்

பாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

வணக்கம். இங்கே ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஒக்டோபரில் கரையேற்றப்படும் படகு பெரும்பாலும் மே மாதம் வரை தண்ணீரைக் காண்பதில்லை. கோடை முழுவதும் ஓடித் தேய்வதைவிட, இந்த நீண்ட ஓய்வில்தான் எஞ்சின் அதிகம் கெடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பர் ஒருவர் பழையதாக வாங்கிய 9.9 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், சோக்கை (காற்றைக் குறைத்துப் பெற்றோல் விகிதத்தைக் கூட்டும் குமிழை) இழுத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளியதும் நின்றுவிடும். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபிரேற்றரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்தோம். சற்று நேரத்தில் மேலே மஞ்சளாகவும் அடியில் கலங்கலாகவும் இரண்டு படைகள் பிரிந்து நின்றன. ஒன்ராறியோவில் விற்கப்படும் சாதாரணப் பெற்றோலில் பொதுவாக 10 வீதமளவுக்கு எதனோல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். தாங்கும் அளவைக் கடந்ததும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். குளிர் கூடக் கூட அந்தத் தாங்கும் அளவும் குறைவதால், பாதி நிரம்பிய தாங்கியைக் குளிர்காலம் முழுவதும் அப்படியே விட்டுவைப்பது ஆபத்தானது.

காபிரேற்றரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் விடும் சிறு துளையுள்ள பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, காய்ந்த பெற்றோல் வார்னிஷைப் போலப் படிந்து துளையை முற்றாக மூடியிருந்தது. கம்பியால் குத்தக் கூடாது. மென்மையான பித்தளைத் துளை சிறிது அகன்றாலும் கலவை விகிதம் மாறிவிடும். காபிரேற்றர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதியதும் வழி திறந்தது. இப்போது அந்த நண்பர் கரையேற்றும் முன்பே புதிய பெற்றோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்த்து, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயை மாட்டி, அந்தப் பெற்றோல் காபிரேற்றர் வரை போய்ச் சேரும்படி எஞ்சினை ஓடவிட்டு, பிறகு காபிரேற்றரின் அடிக்கிண்ணத்தை வடித்துவிடுகிறார். 10 மைக்ரோன் நீர்பிரிப்பு வடிகட்டி ஒன்றும் பொருத்தியிருக்கிறோம். எஞ்சின் ஒயிலையும் வசந்தம் வரும்வரை வைத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடுங்கள்; பழைய ஒயிலில் சேர்ந்துள்ள அமிலமும் ஈரமும் பேரிங்குகளை மாதக்கணக்கில் அரிக்கும்.

பிக்கரிங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா சொன்ன படைபிரிதல் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னும் கொடியது. அதில் ஒயிலைப் பெற்றோலிலேயே கலந்து ஊற்றுகிறோம்; அந்த ஒயில் மேலே உள்ள பெற்றோலோடு தங்கிவிட, அடியிலிருந்து உறிஞ்சப்படும் எதனோலும் தண்ணீரும் ஒயிலின்றியே சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் இறுகிப்போக அதுவே போதும்.

ஒயில் வாங்கும்போது நான் விலையையோ பெயரையோ பார்ப்பதில்லை. போத்தலில் இரண்டு ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற தர முத்திரை இருக்கிறதா என்றே பார்க்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கான இரண்டு ஸ்ட்ரோக் ஒயில்கள் பலவற்றில் எரிந்தபின் சாம்பல் விடும் உலோகச் சேர்மங்கள் உண்டு. தண்ணீரால் குளிர்விக்கப்பட்டு நெடுநேரம் ஒரே சுமையில் ஓடும் படகு எஞ்சினில் அந்தச் சாம்பல் பிஸ்டனின் தலையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்து, முன்கூட்டியே தீப்பற்றச் செய்யும். என் எஞ்சினின் கையேடு 50க்கு 1 என்கிறது: 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஒயில். பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு இரு மடங்கு தேவைப்படும் என்பதால், கையேட்டைப் பார்க்காமல் கலக்க வேண்டாம்.

பீற்றர்பரோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான்கு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் நான்கு ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்கான எஃப்சி-டபிள்யூ (FC-W) தர முத்திரையுள்ள ஒயிலையே தேடுங்கள். கார் ஒயிலைவிட அதில் துருத்தடுப்புக்குக் கூடுதல் கவனம் செலுத்தப்பட்டிருக்கிறது.

ரைஸ் ஏரியில் நாள் முழுவதும் மெதுவாக ஓட்டித் தூண்டில் இழுப்பவன் நான். குளிர்ந்த நீரில் அப்படி ஓடும்போது எஞ்சின் போதிய சூடு பெறாததால், எரியாத பெற்றோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் இறங்குகிறது. அளவுக்கோலில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால், அதை முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணம் வீசினால் ஒயில் நீர்த்துவிட்டது, மாற்றிவிட வேண்டும். திரும்பும் வழியில் சிறிது நேரம் வேகமாக ஓட்டுவதும், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் எனக்குப் பலன் தந்தன.