‘தங்கலாம் தம்பி, இங்கே மட்டும் வேண்டாம்’

நாள் முழுக்க வயலும் மேய்ச்சல் நிலமுமாக நடந்து வருபவர்களுக்கு ஏரி கண்ணில் பட்டதும் ஒரே ஆசைதான்: தண்ணீரை ஒட்டிக் கூடாரம் போட வேண்டும். அந்த ஆசை என்னை விட்டுப் போனதற்கு ஒரு மீனவப் பெரியவர்தான் காரணம்.

அன்று நடை இழுத்துக்கொண்டே போனது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். விதைத்த நிலத்தை மிதிக்காமல் வரப்பைச் சுற்றிப் போகிறவனுக்கும், கன்றோடு நிற்கும் மாட்டைக் கண்டு ஒதுங்கி நிற்கிறவனுக்கும் அது எங்கே ஒத்துவரும்? கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

பெரியவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, இங்கே தங்கலாமா?” என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, “தங்கலாம் தம்பி, இங்கே மட்டும் வேண்டாம்” என்றார். பிறகு எழுந்து வந்து, கரையில் ஏழெட்டு அடி மேலே காய்ந்த நாணல் துண்டும் பறவை இறகும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்ததைக் காலால் தொட்டுக் காட்டினார். மழை வெள்ளம் விட்டுப்போனதா என்றேன். “மழை எதற்கு? காற்று போதும்” என்றார்.

உண்மைதான். பலத்த காற்று ஒரே பக்கமாக அடித்தால் ஏரித் தண்ணீர் எதிர்க்கரையில் ஏறி நிற்கும்; காற்று ஓய்ந்ததும் இந்தக் கரைக்குத் திரும்பும். ஜெனீவா ஏரியில் இந்த ஊசலாட்டத்தைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஃபோரல் என்ற விஞ்ஞானி வருடக்கணக்கில் அளந்தார். பெரியவர் அளக்கவில்லை, பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்.

அவர் கைகாட்டிய மேட்டில் தங்கினோம். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் தங்குங்கள் என்று நடைப்பயண வழிகாட்டிகள் சொல்வதும் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். கீழே விளிம்பிலேயே இன்னொரு குழு இருந்தது. இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால் ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். கூடார முளைகளை மறந்தது யார் என்று அவர்கள் நடத்திய விசாரணை முழுவதையும் காசில்லாமல் கேட்டோம். (ஏரிக்கரையில் ரகசியம் பேசாதீர்கள்.)

விடிந்தபோது அவர்களுடைய கூடாரத்தின் உட்புறத் துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. தூங்கும் பைகளைப் பிழிந்து புதர்மேல் போட்டிருந்தார்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். போதாததற்குப் பக்கத்திலேயே ஏரியின் ஈரம். எங்கள் கூடாரத்தில் வெளித்துணி மட்டும் லேசாக நனைந்திருந்தது.

குடிநீர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தெளிந்த ஏரி நீரானாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஆனால் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படிந்த நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. காற்று அந்த ஏட்டை ஒரே கரையில் ஒதுக்கிவிடும் என்பதால், எந்தக் கரை என்று உள்ளூர்க்காரரிடம் கேட்ட பிறகே பாத்திரத்தை எடுங்கள். நாயோடு போகிறவர்கள் அதையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.