‘வீட்டில் சும்மாதான் இருந்தேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அம்மிணி

கோபியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஏழு வருடமாக வேலைக்குப் போகவில்லை, முதல் நேர்காணலிலேயே எதிர்பாராத ஒரு கேள்வி வந்து வாயடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னுடையது ஒன்பது வருடம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 2006 முதல் 2015 வரை வேலை பார்த்தேன். முதலில் செக்கிங், பிறகு தரக் கட்டுப்பாடு, கடைசியில் மெர்ச்சன்டைசர், அதாவது வாங்குநரின் ஆர்டரைக் கடைசிவரை கவனிப்பவர். மகள் பிறந்தாள், மாமியார் பக்கவாதத்தில் படுத்தார், வேலையை விட்டேன். 2024இல் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தோம். முதல் நேர்காணலுக்கு முந்தைய இரவு முழுவதும் ‘ஏன் இடைவெளி?’ என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்தேன். அந்தப் பெண் அதைக் கேட்கவே இல்லை. “இந்த ஒன்பது வருடத்தில் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்றார். “ஒன்றுமில்லை, வீட்டில் சும்மாதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை.

நம் ஊரில் எந்தப் பெண் சும்மா இருந்திருக்கிறாள்? பல்லடம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு விசைத்தறிக் கூடம் உண்டு. நெய்வதற்கான பாவு நூல் எத்தனை வந்தது, துணி எத்தனை மீட்டர் போனது, ஆறு பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம், முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது எல்லாம் என் நோட்டில்தான் இருந்தது. கூலி பாக்கி வைத்தவரிடம் பேசி வாங்கியதும் நான்தான். சம்பளம் வாங்காமல் செய்ததால் அது வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஏழு வருடத்தையும் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பால் சொசைட்டிக் கணக்கானாலும் சரி, தோப்பில் தேங்காய் எண்ணி விற்றதானாலும் சரி.

இடைவெளிக்குப் பதில் இரண்டு வாக்கியம் போதும். “குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டேன்; இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. அந்த வருடங்களில் எங்கள் நெசவுத் தொழிலின் கணக்கைப் பார்த்தேன்.” இவ்வளவுதான். மாமியாருக்கு எந்தப் பக்கம் செயலிழந்தது, எத்தனை மாதம் பிசியோதெரபி என்றெல்லாம் நான் இரண்டாவது நேர்காணலில் விளக்கினேன். கேட்டவர் முகத்தில் பரிதாபம் வந்தது. பரிதாபப்பட்டு யாரும் வேலை தருவதில்லை. வருடங்களை மாற்றி எழுதி இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். பழைய கம்பெனியிடம் விசாரித்தால் வெளிவந்துவிடும்.

இங்கே அதிகம் கேட்பது, ‘ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்’ வகைக் கேள்விகள். எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரிக்க முடியாது. ஐந்தாறு சம்பவங்களைத் தயாரிக்கலாம். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன என்ற வரிசையில் சொன்னால் தடுமாற்றம் வராது. கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் இந்தச் சம்பவங்களில் ஒன்று பொருந்திவிடும்.

எனக்குக் கைகொடுத்தது 2011 ஜனவரி. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களிடம் பின்னி முடித்த துணி சாயம் ஏறாமல் கிடந்தது. அன்றைக்கே வெளிநாட்டு வாங்குநரிடம் உண்மையைச் சொன்னேன்; எந்த இரண்டு நிறம் முதலில் வேண்டும் என்று கேட்டு அந்தத் துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பினேன்; திரும்பி வந்த ஒவ்வொரு லாட்டிலும் நிறம் பார்த்தேன். இரண்டு நிறம் குறித்த தேதியில் கப்பல் ஏறியது, மற்றவை இரண்டு வாரம் தாமதம். ஆர்டர் ரத்தாகவில்லை. முதல் முறை இதை நான் சொன்னபோது எல்லாமே ‘நாங்கள் செய்தோம்’தான். “அதில் நீங்கள் செய்தது எது?” என்று எதிரில் இருந்தவர் கேட்டுவிட்டார். ‘நான்’ என்று சொல்ல நமக்குக் கூச்சம். பெரியவர்கள் எதிரில் தற்பெருமை போலத் தோன்றும். இங்கே அந்தக் கூச்சத்தால் நம் உழைப்புதான் கணக்கில் வராமல் போகிறது.

மூன்றாவது நேர்காணலில் நடந்ததை எந்தப் பயிற்சியாலும் எதிர்பார்த்திருக்க முடியாது. துணி இறக்குமதி செய்யும் சிறு கம்பெனி அது. மேலாளர் ஒரு டி-ஷர்ட்டை மேஜைமேல் போட்டு, “இதில் என்ன குறை?” என்றார். ஒரு நொடி மனம் வெறுமையாகிவிட்டது. ஆனால் கை தானாக அதை எடுத்து உதறி விரித்தது. பக்கவாட்டுத் தையல் கீழே போகப்போக முன்பக்கம் திரும்பியிருந்தது. உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. “தையல்காரர் மீது குற்றமில்லை, துணி திருகியிருக்கிறது. சிங்கிள் ஜெர்சி என்ற இந்த மெல்லிய பின்னல் துணியில் நூல் முறுக்கால் வருவது, துவைத்த பிறகு தெரிந்திருக்கும்” என்றேன். “துவைத்தது எப்படித் தெரியும்?” என்றார். கழுத்துப் பட்டியின் ஓரம் லேசாக நெளிந்திருந்ததைக் காட்டினேன். அதன் பிறகு அரைமணி நேரம் துணியைப் பற்றித்தான் பேசினோம். வேலை கிடைத்தது, பழைய பதவியைவிட இரண்டு படி கீழே.

அந்தப் படியைப் பற்றியும் கேட்பார்கள்: “இது உங்கள் அனுபவத்துக்குச் சிறிய வேலை, விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?” எனக்கு வேலை அவசரம் என்று சொல்லாதீர்கள். இந்த ஊர்ச் சந்தையையும் விதிகளையும் அடியிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது என்றேன்; அது உண்மையும்கூட. பதில் தெரியாத கேள்வி வந்தால், “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று கேட்டு வாங்கலாம். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

‘அடுத்த குழந்தை எப்போது’ என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பாகுபாடு காட்டுவதைத் தடுக்க இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. வேலைநேரத்துக்கு வர எனக்குத் தடையில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். வேலை செய்ய உரிமை உண்டா என்று சரிபார்ப்பது வேறு, அது அவர்கள் கடமை. அவர்கள் சரிபார்ப்பதற்கான பகிர்வுக் குறியீட்டை (share code) அரசு இணையதளத்தில் முன்பே எடுத்து வையுங்கள். 90 நாள் செல்லும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு நேர்காணல் என்றீர்களே, ஞாயிறு மாலை எனக்கு நேரம் இருக்கிறது. நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். தங்கை என்று பார்த்துச் சுலபமாகக் கேட்க மாட்டேன்.