பழைய .22 டார்கெட் ரைஃபிள்: வாங்கும்போது பார்ப்பதும் வாங்கியபின் திருத்துவதும்

முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "குழல் தேய்ந்திருக்குமா?" .22 எல்ஆர் ('லாங் ரைஃபிள்') தோட்டாவின் தலை வெறும் ஈயம், 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேகமும் குறைவு. சுட்டுச் சுட்டு இந்தக் குழல் தேய்வதற்கு வெகுகாலம் ஆகும். பழைய ரைஃபிள்களில் கெட்டுப்போன குழல் என்று வருவதில் பெரும்பங்கு மூன்று வகை: குண்டு வெளியேறும் வாய்ப்பக்கத்திலிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்தவை, ஈரத்தில் வைத்துத் துருப்பிடித்தவை, காலி சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) அடித்து அடித்து விளிம்பு நசுங்கியவை. ஆகவே தேடவேண்டிய இடங்களும் அவையே.

உரிமம், பெயர் மாற்றம், எண் பதிவு எல்லாம் சட்டப்படி முடியாமல் எந்த ரைஃபிளையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆக்‌ஷனில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) உள்ள எண்ணும் போல்ட்டில் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் உருளை) உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு ரைஃபிளின் போல்ட் மாட்டியிருந்தால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) என்னவென்று அளக்காமல் சுடக்கூடாது. ஜெர்மன் ரைஃபிள்களில் புரூஃப் முத்திரைக்கு (சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்துக் குத்தும் அடையாளம்) பக்கத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தால் அது ஆண்டு: ஏ 0, பி 1, சி 2 என்று தொடங்கி ஐ 8, கே 9. ஜே கிடையாது. 'ஐஎஃப்' என்றால் 85. மான்கொம்பு முத்திரை உல்ம் நகரத்துப் புரூஃப் சாலையுடையது. அன்ஷூட்ஸ் ரைஃபிள்களில் அதைப் பார்க்கலாம். விற்பவர் சொல்லும் வயதும் முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் குழலோ ஆக்‌ஷனோ மாறியிருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

கையில் வாங்கியதும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சேம்பர் காலி என்று கண்ணால் உறுதி செய்தபின்தான் மற்றதெல்லாம். குழலின் வாய்க்குப் பஞ்சு சுற்றிய காதுக்குச்சி போதும். உள்ளே விட்டு, ஓரத்தில் அழுத்தி, வெளிநோக்கி இழுங்கள். சுற்றிலும் இப்படிச் செய்தால் பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். பிறகு 10 மடங்கு லென்ஸில் வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய கோடுகள்) முடியும் விளிம்பைப் பாருங்கள். கம்பி உரசிய குழலில் ஒரு பக்கத்து விளிம்பு மழுங்கி, வட்டம் கோணியிருக்கும். சுட்டபின் வாயைச் சுற்றிப் படியும் ஈயக்கறையும் சாட்சி சொல்லும். இதழ்கள் சமமாக இருந்தால் நல்லது; ஒரு பக்கம் நீண்டிருந்தால் அங்கே வாயு முந்திக்கொண்டு கசிகிறது.

மாடலுக்குரிய நீளத்தையும் அளந்து பாருங்கள். அன்ஷூட்ஸ் 1907 குழல் 660 மிமீ, 1913 குழல் 690 மிமீ. குறைவாக இருந்தால் யாரோ நறுக்கியிருக்கலாம். மேட்ச் (போட்டிக்கான) குழல்களில் வாயருகே மெல்லிய இறுக்கம் விட்டிருப்பார்கள். நறுக்கினால் போவது அதுதான்.

* * *

மேலே எழுதிய அண்ணன் குழலின் வாயைப் பற்றி முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மறுமுனைக்கு, சேம்பர் பக்கத்துக்குப் போகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான்.

ரிம்ஃபயர் தோட்டாவின் (ரிம் எனும் அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைப்பது) பிரைமர் கலவையில், அதாவது தீமூட்டும் மருந்தில், அரைத்த கண்ணாடித்தூள் சேர்ப்பதுண்டு. அது எரியாமல் குழலின் அடிப்பக்கத்தில் தங்கும். அடுத்த தலை அதை அரைத்துக்கொண்டு ஓடும். சேம்பருக்குச் சற்று முன்னே, கடிகாரத்தின் ஆறு மணி நிலையில், சொரசொரப்பான ஒரு கோடு தெரிந்தால் அது இந்த அரிப்பு. போர்ஸ்கோப் (குழலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) இருந்தால் முதலில் அங்கேதான் வையுங்கள். லேசான கோடு பயப்படத் தக்கதல்ல. வரிமேடுகளே அங்கே மறைந்திருந்தால் விலை பேசும் முறை மாறவேண்டும்.

ஆனால் எல்லாச் சொரசொரப்பும் அரிப்பு அல்ல. சேம்பர் முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் கரி, ஈயம், மெழுகு மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகிவிடும். "இந்த ரைஃபிள் சிதறடிக்கிறது" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பலவற்றில் இந்த வளையம்தான் குற்றவாளி. குழல் நன்றாகவே இருக்கும். தோட்டாவைச் சேம்பரில் தள்ளும்போது வழக்கத்தைவிட இறுக்கம், கம்பியில் துணி மாட்டி விடும்போது முதல் 20 மிமீயில் ஒரு சிராய்ப்பு உணர்வு, இவை அதன் அடையாளம்.

எடுக்கும் முறை: போல்ட் இடத்தில் போர் கைடு (கம்பியை வழிநடத்தும் குழாய்) பொருத்தவும், கம்பி நடுவில் ஓடவேண்டும். பூச்சு போட்ட ஒரே துண்டுக் கம்பி, எப்போதும் பின்பக்கத்திலிருந்து. கரைப்பானில் நனைத்த துணியை ஒருமுறை விட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு வெண்கலப் பிரஷ், 10 போக்கு. பிரஷை வாய்க்கு வெளியே முழுதாகத் தள்ளியபின்தான் திரும்ப இழுக்க வேண்டும். குழலுக்குள்ளேயே திசை மாற்றினால் மயிர்கள் மடங்கும். காய்ந்த துணி வெள்ளையாக வரும்வரை திருப்பிச் செய்யவும். வளையம் அப்படியும் போகாவிட்டால், ஃபெல்ட்டில் மென்மையான போர் பேஸ்ட் (குழலைத் தேய்க்கும் பசை) தடவி, அந்த 25 மிமீக்குள் மட்டும் 20 குறும்போக்கு. முழுக் குழலுக்கும் பேஸ்ட் போட்டு வாய்வரை தேய்க்காதீர்கள், அங்கே உள்ள இறுக்கத்தை நீங்களே தின்றுவிடுவீர்கள். ஸ்டெயின்லெஸ் பிரஷ் வேண்டவே வேண்டாம்.

சுத்தம் ஆனபின் குழலின் உள்ளளவைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ 6 மிமீ மென்மையான ஈயக் குண்டை எண்ணெய் தடவி, பின்பக்கத்திலிருந்து கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே சீராகப் போய், வாயருகே சற்று இறுகினால் அந்தக் குழலை விடாதீர்கள். நடுவில் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடினால் அங்கே உப்பியிருக்கிறது: முன்பு ஒரு தலை சிக்கியிருக்க, அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். வெளியே துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சில நேரம் அந்த உப்பல் மெல்லிய வளையமாகத் தெரியும். அதற்கு வைத்தியம் குழலை மாற்றுவதுதான்.

* * *

மேலே எழுதிய இருவரும் போல்ட்டின் உள்பக்கத்தைத் தொடவில்லை. மேலும் கீழுமாகக் குண்டு விழுகிறது, பக்கவாட்டில் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். பிரைமர் விளிம்பில் இருப்பதால் அடி ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் விழவேண்டும். அடி தளர்ந்தால் எரிதல் மாறும், வேகம் மாறும், 50 மீட்டரில் உயரம் மாறும்.

போல்ட்டைப் பிரித்தால் பல நேரம் உள்ளே பழைய கிரீஸ் பழுப்பு அரக்காக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிடுங்கள். ஃபயரிங் பின்னுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய், அதையும் துடைத்தெடுத்த அளவில். கிரீஸ் போல்ட் லக்கிலும் (பூட்டிக்கொள்ளும் பிதுக்கம்) காக்கிங் கேமிலும் (ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும் சரிவு) மட்டும். ஸ்பிரிங்கைப் புதியதோடு நீளம் வைத்துப் பாருங்கள். எப்படியும் மாற்றிவிடுவது நல்லது. ஒரு பெட்டி மேட்ச் தோட்டாவின் செலவுக்குள் சந்தேகம் ஒன்று தீரும்.

சுட்ட கூடுகள் ஐந்தை வரிசையாக வைத்து, விளிம்பில் விழுந்த தடத்தை லென்ஸில் பாருங்கள். ஆழம் ஐந்திலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், தடத்தின் விளிம்பு தெளிவாக இருக்கவேண்டும். மழுங்கிய ஃபயரிங் பின் முனை படகுபோல் வழவழத்த தடம் விடும்.

காலி சேம்பரில் அடித்த ரைஃபிளில் சேம்பர் வாயில், ஃபயரிங் பின் விழும் இடத்தில், ஒரு பள்ளமும் உள்நோக்கிப் பிதுங்கிய பிசிறும் இருக்கும். கூடு வெளியே வர அடம்பிடிப்பதற்கு இது பெரிய காரணம். வெளிவந்த கூட்டில் விளிம்புக்கு முன்னே ஒரு சிறு கீறல் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இதற்குச் சேம்பர் அயர்ன் என்ற கூம்பு வடிவக் கடின எஃகுக் கருவி உண்டு. பிதுங்கிய உலோகத்தை அதனால் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளவேண்டும். அரம் வைத்துத் தேய்த்தால் அந்த இடத்தில் கூட்டுக்குத் தாங்கல் இல்லாமல் போகும். ரிம் வெடிப்பதற்கு அதுவே வழி. பழுது பார்த்தபின் ஃபயரிங் பின்னின் முனை சேம்பரைத் தொடாதபடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்: போல்ட் முகத்துக்கு வெளியே அது நீட்டும் அளவு ஹெட்ஸ்பேஸைவிடக் குறைவாக இருக்கவேண்டும்.

.22 எல்ஆர் ரிம் கனத்தின் உச்ச வரம்பு 1.09 மிமீ. ஹெட்ஸ்பேஸ் இதைவிட வெகுவாக அதிகமானால் அடியின் பலத்தில் ஒரு பகுதி கூட்டை முன்னே தள்ளுவதிலேயே போய்விடும். கேஜ் இல்லாதவர் சுட்ட காலிக் கூட்டின் ரிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, அடியில் செல்லோடேப் துண்டு ஒவ்வொன்றாக ஒட்டி, போல்ட் மூடும்போது தட்டுப்படும்வரை போகலாம். டேப்பின் கனத்தை முதலிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கூட்டில் மட்டும். உயிர்த்தோட்டாவில் ஒருபோதும் கூடாது.

டிரிகர் பற்றி ஒரே வார்த்தை: சியரின் (ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்கும் கொக்கி) முகத்தைத் தேய்க்காதீர்கள். லைட்டர் பெட்ரோலால் கழுவி, காய்ந்தபின் ஸ்க்ரூக்களில் சரிசெய்வதோடு நிறுத்துங்கள். பிறகு காலி ரைஃபிளைக் காக் செய்து, பின்கட்டையைப் பக்கவாட்டிலும் அடியிலும் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஃபயரிங் பின் ஒருமுறை தானாக விடுபட்டு விழுந்தாலும் அது துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகவேண்டிய டிரிகர்.

* * *

கட்டை விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய வால்நட் கட்டையை உப்புத்தாள் போட்டுப் "புதுசாக்குகிற" வழக்கம் நல்ல ரைஃபிள்களை நாசம் செய்கிறது. ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் போனாலும் உலோகம் மரத்துக்கு மேலே துருத்தி நிற்கும். செக்கரிங் (பிடிமானத்துக்கு வெட்டிய கட்டக் கோடுகள்) மழுங்கினால் திரும்ப வெட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

பள்ளங்களுக்கு ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் போதும். நனைத்த பருத்தித் துணியை மடித்துப் பள்ளத்தின்மேல் வைத்து, பெட்டியின் முனையை இரண்டு மூன்று நொடி அழுத்தி எடுங்கள். நீராவி ஏறி நார் உப்பும். நசுங்கிய நார் எழும்பும். அறுந்த நார் எழும்பாது. எண்ணெய் ஊறிக் கறுத்த பின்பகுதிக்குக் கால்சியம் கார்பனேட் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பொடி பழுப்பாக வரும்வரை எண்ணெய் இன்னும் வருகிறது என்று பொருள். மூன்று நான்கு முறை ஆகலாம். பின்புற ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று இதற்குப் பிறகுதான் சரியாகத் தெரியும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய், ஒரு முறைக்குச் சில துளி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் விட்டு அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் விடும், குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

உலோகத்தில் செந்துரு இருந்தால் முதலில் எண்ணெயும் மிக நைசான ஸ்டீல் வுல்லும். மேல்பூச்சு கெடாமல் பெரும்பாலும் இதிலேயே போகும். சற்று ஆழமான துருவுக்கு, எண்ணெய்ப்பசையை முழுக்க நீக்கிய சிறு பாகங்களை காய்ச்சி வடித்த நீரில் அரைமணி கொதிக்கவைத்தால் செந்துரு கருந்துருவாக மாறும். அதை எண்ணெயற்ற ஸ்டீல் வுல்லால் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி நீலப்பூச்சையும் சேர்த்தே தின்றுவிடும்.

* * *

பெட்டிங் (கட்டையில் ரைஃபிள் உட்காரும் பள்ளத்தை எபாக்ஸியால் வார்த்துச் சீர்செய்வது) செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. குழலில் டயல் கேஜின் காலை வைத்து, அதன் அடியைக் கட்டையின் முன்பகுதியில் பிடித்து, முன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். முள் 0.05 மிமீக்குள் நகர்ந்தால் மரத்தைத் தொடாதீர்கள். அதிகம் துள்ளினால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூவை முறுக்கும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சுடும்.

எபாக்ஸி போடுவதில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, ரிலீஸ் மெழுகை (உலோகம் ஒட்டாமல் காப்பது) ஒரு பூச்சோடு நிறுத்துவது: இரண்டு பூச்சு, நடுவில் காயவிட்டு, ஸ்க்ரூத் துளைகளையும் டிரிகர் பள்ளங்களையும் களிமண்ணால் அடைத்தபின்தான் எபாக்ஸி. இல்லையென்றால் ரைஃபிள் கட்டையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு, ஒட்டும்போது ஸ்க்ரூவை இறுக்குவது. இறுக்கினால் பழைய வளைவையே எபாக்ஸியில் வார்த்துவிடுகிறோம். ஆக்‌ஷன் தன் எடையில் உட்காரட்டும். ஸ்க்ரூ வழிகாட்டி மட்டுமே. 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

ஸ்க்ரூவின் முறுக்குவிசையை 3 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, அரை அரையாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பத்துத் தோட்டா. மரக்கட்டையில் 5க்கு மேல் போக எனக்கு மனம் வருவதில்லை, நார் நசுங்கத் தொடங்கும்.

* * *

கடைசியாகச் சைட்டும் (குறிபார்க்கும் கருவி) தோட்டாவும். பின் சைட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று அறிய ஐந்து சுட்டு, வலது 20 கிளிக், மேலே 20, இடது 20, கீழே 20 என்று சுற்றி, மூலைக்கு ஐந்தாகச் சுடுங்கள். கடைசி ஐந்து முதல் ஐந்தின்மேல் விழாவிட்டால் ஸ்க்ரூ இழை தேய்ந்திருக்கிறது. குழலைக் குறைசொல்லும் முன் இதை முடித்துவிடுங்கள். முன் சைட் டனல் (குறிவளையம் உட்காரும் குழாய்) 18 மிமீயா 22 மிமீயா என்று அளந்தபின் வளையங்கள் வாங்குங்கள்.

தோட்டா வகையை மாற்றினால் மெழுகும் மாறும். முதல் 15, 20 தோட்டாவைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே வகையிலும் லாட் எண் (ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண்) மாறினால் வேறு தோட்டா என்றே வையுங்கள். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து வளையம் 10.4 மிமீ. 5.6 மிமீ துளையின் ஓரம் தொட்டாலே பத்து என்பதால், மையத்திலிருந்து மையத்துக்கு 16 மிமீ வட்டத்துக்குள் பத்துத் தோட்டாவும் அடங்கினால் ரைஃபிள் பக்கம் குறையில்லை. ஐந்து தோட்டாக் குழுவை நம்பி எதையும் மாற்றாதீர்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்.

சிசிஐ ஸ்டிங்கர் போன்ற நீளக்கூட்டுத் தோட்டாக்களை மேட்ச் சேம்பரில் போடக்கூடாது. அந்தக் கூட்டின் வாய் வரிப்பள்ளத் தொடக்கத்தில் போய் நசுங்கும், அழுத்தம் எகிறும். பழைய ரைஃபிளோடு விற்பவர் கொடுக்கும் அரைப்பெட்டி கலப்புத் தோட்டாவில் இவை இருந்தால் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.