‘தி ஸ்நோமேன்’: அந்த மப்ளர் தேவையா?

வெண்திரை:
நேற்று ராத்திரி ‘தி ஸ்நோமேன்’ (1982) மறுபடி பார்த்தேன். 26 நிமிடம், வசனமே இல்லாத கார்ட்டூன். பையன் செய்த பனிமனிதன் நள்ளிரவில் உயிர் பெற்று, அவன் கையைப் பிடித்து வானத்தில் கூட்டிப் போகிறான். விடிந்தால் உருகிக் கிடக்கிறான். ரேமண்ட் பிரிக்ஸ் 1978-ல் வரைந்த புத்தகத்தில் கதை இவ்வளவுதான், கிறிஸ்துமஸே கிடையாது. வட துருவம், கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் தரும் மப்ளர் எல்லாம் படம் எடுத்தவர்கள் ஒட்டவைத்தது. பரிசுப் பெட்டியில் தொங்கும் பெயர்ச் சீட்டில் பையனுக்கு ஜேம்ஸ் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். புத்தகத்துக்கு இது துரோகம்.

கரிக்கோடு:
துரோகமா? பெரிய வார்த்தை. புத்தகத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டன் வரை பறந்து போய்த் திரும்பிவிடுகிறார்கள். அதை அப்படியே எடுத்தால் பத்து நிமிடம் தேறுமா? அதுவும் டிசம்பர் 26 அன்று பிரிட்டனின் சேனல் 4 டிவியில் போட எடுத்த படம். தாத்தா வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மெழுகுப்பெட்டி:
இருவரும் கதையையே பிடித்துத் தொங்குகிறீர்கள், படத்தைப் பாருங்களேன். அந்தக் காலத்துக் கார்ட்டூன்களுக்கு வழக்கமாக செல்லுலாய்டு என்ற கண்ணாடி போன்ற தாளில் வழுவழுவென்று பெயிண்ட் பூசுவார்கள். பிரிக்ஸோ கலர் பென்சில்காரர். அந்தச் சொரசொரப்பு வேண்டுமென்று இயக்குநர் டயான் ஜாக்சனின் குழு, செல்லுலாய்டிலேயே கிரேயானும் பேஸ்டலும் வைத்து ஒவ்வொரு படமாகத் தீட்டியது. ஒரு படத்தில் விழுந்த கோடு அடுத்ததில் அதே இடத்தில் விழாது. பையன் சும்மா நிற்கும்போதும் அவன் டிரெஸ்ஸிங் கவுனில் நிறம் நடுங்குகிறதே, அதனால்தான். பறக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: சில ஷாட்களில் கீழே சுழலும் வயல்களையும் படத்துக்குப் படம் புதிதாக வரைந்திருக்கிறார்கள். கை ஒடிந்திருக்கும்.

வெண்திரை:
கைவேலையை யார் குறை சொன்னது? 1971-ல் பெற்றோர் இருவரும், 1973-ல் மனைவியும் இறந்த பிறகு பிரிக்ஸ் வரைந்த புத்தகம் அது. கடைசிப் பக்கத்தில் பனி உருகிக் கிடக்கும், பையன் நிற்பான். ஆறுதல் ஒன்றும் கிடையாது. படத்திலோ பையில் கைவிட்டால் மப்ளர் வருகிறது. அழுகிற பிள்ளைக்கு ‘கனவில்லை கண்ணா’ என்று மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

கரிக்கோடு:
எனக்கு அது மிட்டாயாகத் தெரியவில்லை. கனவு என்றால் முகம் கழுவியதும் மறந்துபோகும். மப்ளர் கையில் இருப்பதால்தான் அவனால் அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை. நிஜமாகவே ஒருவன் இருந்தான், இப்போது ஒரு தொப்பியும் கொஞ்சம் ஈரப் பனியும்தான் மிச்சம். அதன் முன்னால் மப்ளரோடு மண்டியிடுகிறான், படமும் முடிந்துவிடுகிறது. எது கொடுமை, சொல்லுங்கள்?

வெண்திரை:
சரி, மப்ளரை விட்டுவிடுகிறேன். தாத்தாவை விடமாட்டேன். அவர் வந்ததிலிருந்து அது பையனும் பனிமனிதனும் மட்டும் இருக்கும் கதையாக இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது.

மெழுகுப்பெட்டி:
வட துருவத்தில் அந்தப் பனிமனிதர் கூட்டம் போடும் ஆட்டம்தான் எங்கள் வீட்டுக் குட்டிக்கு உயிர், பாவம் விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பறக்கும்போது வரும் பாட்டு ஆலெட் ஜோன்ஸ் பாடியதுதானே?

கரிக்கோடு:
இல்லை. படத்தில் பாடியது பீட்டர் ஆட்டி என்ற சிறுவன். ஜோன்ஸ் பாடிய பதிவு 1985-ல் வந்து ஹிட்டானது. டைட்டிலில் ஆட்டி பெயரைப் போடாமல் விட்டதால் இந்தக் குழப்பம் இன்னும் ஓடுகிறது. வெண்திரை, துரோகம் என்ற வார்த்தையை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.