புதுப்பிப்பு: அக்கா மகனின் ஏலகிரி மலையேற்றம்

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகனைக் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கே மலையேற அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? ஏலகிரி என்றீர்கள். போய் வந்துவிட்டான்.

வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மூலம்தான் பதிவு செய்தோம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம்; ஏலகிரி சுவாமிமலையும் அதில் உண்டு. 18 வயது ஆகாததால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும். மாமா முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது அவர் மனதில் இன்னும் இருக்கிறது, நியாயம்தான். காட்டுத்தீ பயத்தால் கோடையில் பாதைகளை மூடுவார்கள். முழுப்பரீட்சை லீவை நம்பாதீர்கள், அரையாண்டு லீவே சரி.

ஷூ விஷயத்தில் மட்டும் கவனம். இவன் போட்டுப்போனது அடி தேய்ந்த பழைய ஷூ. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை; இறங்கும்போது சருகில் சர்ரென்று வழுக்கியிருக்கிறது. வழிகாட்டி அண்ணன் காய்ந்த குச்சி ஒன்றைக் கையில் கொடுத்து, "நேரா இறங்காத தம்பி, பக்கவாட்டுல கால வை" என்றாராம். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அடுத்து ஜவ்வாது மலை வேண்டுமாம். காவலூர் வானாய்வகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று யோசனை. பிள்ளைகளோடு அங்கே தங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.