வி.எஸ்.என்.எல். இணையம்: 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் நியாயமா, கொள்ளையா?

பாளைக்காரன்: இந்தியாவுக்கு இணையத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் என்று அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல்.லை இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்தில் அதைத் திட்டாத ஆளே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கினார்கள். வேகம் 9.6 கேபிபிஎஸ், ஒரு எம்.பி. இறங்கவே கால் மணி நேரம் ஆகும். இதற்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். 1998 கடைசி வரை தனியாருக்கு அனுமதியும் இல்லை. போட்டியே இல்லாமல் வைத்த விலை கொள்ளைதான்.

வண்ணார்பேட்டை: அண்ணாச்சி, வகுத்துப் பாருங்கள். மணிக்கு 20 ரூபாய்தான் வருகிறது. பல வருஷம் கழித்து நம்ம நெல்லை ஜங்ஷன் பிரவுசிங் சென்டர்களிலும் 20, 30 என்றுதானே கொடுத்தோம்?

பாளைக்காரன்: அங்கே பத்து ரூபாயோடு போய் அரை மணி நேரம் உட்காரலாம் தம்பி. 5,000 ரூபாயை முன்பணமாக மொத்தமாகக் கட்ட அன்றைக்கு எத்தனை வீட்டில் முடியும்?

தாமிரபரணி: இரண்டு பேரும் போன் பில்லை மறந்துவிட்டீர்கள். அன்றைக்குப் போனில் டயல் செய்துதான் இணையத்துக்குள் போக முடியும், அந்தக் கால் கட்டணம் தனி. முதலில் சேவை வந்தது சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தாவில். சென்னைக்காரருக்கு லோக்கல் கால். நெல்லையில் இருந்த நமக்கோ அறுநூறு கிலோமீட்டர் தாண்டி எஸ்.டி.டி., அதாவது வெளியூர்க் கால். கணினியைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் கீச்சென்று கத்தும்போதே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலில் இருந்து. அந்தப் பணம் வி.எஸ்.என்.எல்.லுக்குப் போகவில்லை, தொலைத்தொடர்புத் துறைக்குப் போனது. திட்டு மட்டும் இவர்களுக்கு.

வண்ணார்பேட்டை: சரியாகச் சொன்னீர்கள். கெட்ட பெயரில் பாதி அடுத்தவர் பில்லால் வந்தது.

பாளைக்காரன்: மீதிப் பாதி? 1998 நவம்பரில் கதவைத் திறந்ததும் சத்யம் இன்ஃபோவே மாதிரி தனியார் வந்தார்கள், விலை இறங்கியது. அதை முன்பே செய்திருக்கலாமே.

தாமிரபரணி: செய்திருந்தாலும் நெல்லைக்கு ஒன்றும் மாறியிருக்காது. உள்ளூர் நம்பரில் டயல் செய்ய முடிந்த பிறகுதான் நமக்குக் கட்டுப்படியானது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 256 கேபிபிஎஸ் டேட்டாஒன் பிராட்பேண்டைக் கொண்டுவந்த பிறகு டயல் செய்யும் வேலையே இல்லை, போன் கால் கணக்கே ஒழிந்தது.

பாளைக்காரன்: போன் பில் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2002-ல் டாடாவிடம் போகும் வரை வி.எஸ்.என்.எல். அரசின் பிடியில்தான் இருந்தது, தொலைத்தொடர்புத் துறையும் அரசுதான். வெளியூர்க்காரன் இணையத்துக்கு டயல் செய்தால் லோக்கல் கட்டணம் என்று முதல் நாளே முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. புண்ணியவான் பட்டம் என் வாயில் இருந்து வராது.